மீதி நூற்றெண்பது

என் அப்பா லியோனார்ட் மாஸ்டருக்கு இந்த உலகத்தில் நம்பத் தகுந்த ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. பால்காரி வேலம்மா மாட்டை எங்கள் வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து, அவர் கண்ணெதிரேதான் கறக்க வேண்டும். கறக்குமுன் செம்பைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். கவிழ்த்துக் காட்டிய பிறகும் அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு செம்புக்குள் எட்டிப் பார்ப்பார்.

“இன்னா மாஸ்டர், தெனம் இதே ரோதனையாப் போச்சு. செம்புலதான் ஒண்ணும் இல்லியே. இன்னும் இன்னா கீது பாக்க?” என்பாள் வேலம்மா.

“கையை விரிச்சுக் காட்டு” என்பார் அப்பா.

அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். நானும் பதிலுக்கு அடித்துக்கொள்வேன். சாந்தோமில் கோயிலுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் பொழுது இப்படித்தான் விடியும். அம்மா இறந்த பிறகு அப்பாவின் சந்தேகத்தை முழுக்கத் தாங்கிக்கொள்ள நான் ஒருத்திதான் மிச்சம். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்தேன். வயது இருபத்தாறு. 1933இல் அது பெண்ணுக்கு முற்றிப்போன வயது.

இந்த நிலையில்தான் விக்டர் வந்து என்னைப் பெண் கேட்டான். சேப்பாக்கத்தில் சர்வே ஆபீசில் படம் வரைகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடகர் குழுவோடு நின்று பாடுவான். அவன் குரல் எனக்கு முதலில் பிடித்துப்போனது, பிறகு ஆளும் பிடித்துப்போனான். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. எனக்கு அவன்தான் வேண்டும் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டிருந்தேன்.

அப்பா அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “எங்கே ஜாகை?” என்றார்.

“தியாகராய நகர்ல, மாஸ்டர். பனகல் பார்க் பக்கம்.”

“ஏரியை வத்த வச்சுக் கட்டின ஊரு. தரையையே நம்ப முடியாது” என்றார் அப்பா.

அவன் கைக்கடிகாரம் இரண்டு நிமிஷம் முந்தி ஓடியது. அதையும் கவனித்தார். சிரிக்க வேண்டிய இடம் வருமுன்பே அவன் சிரித்துவிடுகிறான் என்பதையும் கவனித்தார். அவன் போனபிறகு, “வேஷக்காரனா இருப்பானோ?” என்று என்னிடம் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று ரசத்தில் உப்பு போடவில்லை. அதற்கும் அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

ஒரு வாரம் கழித்து விக்டரைத் திரும்பக் கூப்பிட்டு, ஒரு காகிதத்தில் ஓர் எண்ணை எழுதி அவன் முன்னால் வைத்தார்.

1234567891.

நூற்று இருபத்து மூன்று கோடியே நாற்பத்தைந்து லட்சத்து அறுபத்தேழாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று. பள்ளிக்கூடத்தில் இலக்கங்களின் இடமதிப்பைச் சொல்லிக்கொடுக்கக் கரும்பலகையில் வருஷா வருஷம் அவர் எழுதிய எண்தான். ஒன்றிலிருந்து ஒன்பதுவரை ஏறிவிட்டு மறுபடி ஒன்றுக்கு வந்து நிற்கும். ஒருநாள் அதை அழிக்க மனசில்லாமல் நின்று பார்த்தாராம். இரண்டால் வகுபடவில்லை, மூன்றால் வகுபடவில்லை, ஏழு, பதினொன்று, பதின்மூன்று எதற்கும் மசியவில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். இது பகா எண்ணாகத்தான் இருக்க வேண்டும், தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் இது வகுபடாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மனிதர்களிடம் அவர் தேடிக் கிடைக்காத குணம் அந்த எண்ணிடம் இருந்ததோ என்னவோ.

ஆனால் தோன்றினால் போதாது, நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, முப்பத்தைந்தாயிரத்துக்குச் சற்று மேல்வரை உள்ள சிறிய பகா எண்கள் ஒவ்வொன்றாலும் அதை வகுத்துப் பார்ப்பது. அதற்குமேல் போக வேண்டியதில்லை. பெரிய எண் ஒன்று அதை வகுக்குமானால், அதற்கு ஜோடியாகச் சின்ன எண் ஒன்றும் வகுத்தே தீரும். ஒன்றிலும் ஒன்பதிலும் முடிகிற பகா எண்களால் அப்பா வகுத்து முடித்திருந்தார். மூன்றிலும் ஏழிலும் முடிகிறவை பாக்கி. ஆயிரத்து எண்ணூறுக்குக் குறையாது.

“இந்தப் பாதியை நீ போடு” என்றார் விக்டரிடம். “ஒவ்வொண்ணுக்கும் எதிரே மீதியை எழுதிக் கொண்டா.”

“போடறேன் மாஸ்டர். ஆனா எதுக்கு?”

“இந்த வேலையில ஒருத்தன் ஏமாத்தினா யாருக்கும் தெரியாது. வகுக்காமலே வாய்க்கு வந்த மீதியை எழுதிட்டுப் போகலாம். எவன் உட்கார்ந்து சரி பார்க்கப் போறான்? அதனாலதான் உன்கிட்ட கொடுக்கறேன்.”

விக்டர் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மழைக்காலம் வந்தது, போனது, கிறிஸ்துமஸும் போனது. விக்டர் ஆபீஸ் விட்டுவந்து தினமும் வகுத்துக்கொண்டே இருந்தான். விரல் இடுக்கில் மைக்கறை காயவே இல்லை. பாட்டுக் குழுவில் நிற்கும்போதுகூட உதடு எதையோ பெருக்கிக்கொண்டிருக்கும். எனக்கு அவன்மேல் இரக்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஜனவரிக் கடைசியில் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டார். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர்வரை கல்யாணம் கிடையாது. விபூதிப் புதனுக்கு முன்னால் முடிக்க வேண்டுமென்றால் இப்போதே ஓலை வாசிக்க ஆரம்பிக்க வேண்டும். எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசிப்பார். இவர்களுக்குள் தடை ஏதாவது தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். அதுதான் ஓலை.

“நானும் அதைத்தானே பண்றேன், சாமி” என்றார் அப்பா. “சின்ன எண்ணையெல்லாம் ஒவ்வொண்ணாக் கூப்பிட்டு, உனக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டான்னு கேக்கறேன். எல்லாம் இல்லைன்னு சொன்னாத்தான் அது ப்ரைம்.”

“மாஸ்டர், எண்ணு காத்துக்கிட்டு இருக்கும். பொண்ணுக்கு வயசு நிக்காது” என்றார் சாமியார்.

அப்பா அரை மனசாகச் சம்மதித்தார். “ஓலை வாசிங்க. மூணாவது ஓலைக்குள்ள அவன் பாதியை முடிச்சுக் கொடுத்துடணும். அதுல ஏதாவது கோளாறு தெரிஞ்சா, எழுந்து சொல்ற முதல் ஆள் நான்தான்.”

முதல் ஞாயிறு ஓலை வாசித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது ஞாயிறும் அப்படியே. அந்த வாரம் விக்டர் தாள்கட்டைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தான். எந்த எண்ணும் அதை முழுசாக வகுக்கவில்லை, எல்லாவற்றுக்கும் மீதி இருந்தது. அப்பாவின் எண் பகா எண்தான். கல்யாணம் செவ்வாய்க்கிழமை என்று பேச்சு. லஸ் பக்கம் தையல்காரரிடம் என் கவுன்கூடத் தயாராகிவிட்டது.

அப்பா ஆனந்தப்படுவார் என்று நினைத்த நான்தான் முட்டாள். அரிசி மூட்டையில் குத்தூசி விட்டுப் பார்க்கிற வியாபாரி மாதிரி, விக்டரின் தாள்களில் அங்கங்கே ஓர் எண்ணை எடுத்துத் தானே வகுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

சனிக்கிழமை காலை கல்யாணச் சாமான் விஷயமாக விக்டர் வந்தான். அப்பா அவனை உட்காரச் சொல்லவில்லை.

“எழுநூத்தி முப்பத்து மூணு. மீதி எவ்வளவு?” என்றார்.

“ஞாபகம் இல்லை மாஸ்டர். தாள்ல எழுதியிருக்கேனே.”

“நூத்தி எண்பதுன்னு எழுதியிருக்கே. நான் போட்டேன். பூஜ்யம் வருது.”

விக்டரின் முகம் வெளுத்துவிட்டது. பூஜ்யம் என்றால் அந்த எண் பகா எண்ணே இல்லை. அதைவிட மோசம், விக்டர் வகுக்காமலே மீதி எழுதியிருக்கிறான்.

“தப்பா இருக்கும் மாஸ்டர். மறுபடி போட்டுப் பாருங்க.”

“போட்டாச்சு. ஒன்பது தள்ளியும் பார்த்தாச்சு. கச்சிதமாப் பொருந்துது.” ஒன்பது தள்ளுவது என்பது அப்பாவின் வேதம். எண்ணில் உள்ள இலக்கங்களைக் கூட்டி, ஒன்பது ஒன்பதாகக் கழித்து, மிஞ்சுவதை வைத்துக் கணக்கைச் சரி பார்ப்பது. தன் பாதி முழுவதையும் அப்படித்தான் சரி பார்த்திருந்தார். “நூத்தி எண்பதாம்! முழுசு முழுசா எண்ணு எழுதறவன் எவன்? வாய்க்கு வந்ததை எழுதறவன்தான்.”

“உங்க கணக்கை ஒரு தடவை கொடுங்க, பார்க்கறேன்.”

அப்பா தாளின்மேல் கையை வைத்துக்கொண்டார். “எதுக்கு, திருத்தவா?”

விக்டர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். என்னைப் பார்த்தான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘இவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை அப்பா’ என்று சொல்ல எத்தனை நாழி ஆகும்? ஆனால் என் கண் அந்தத் தாள்மேல் போயிற்று. அவன் அதைப் பார்த்துவிட்டான். வாசலில் சாத்தியிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

“நாளைக்கு மூணாவது ஓலை. எழுந்து சொல்லப் போறேன்” என்றார் அப்பா.

எங்கள் கோயிலில் முன்பு ஒரு தடவை ஓலை வாசிக்கும்போது ஒருத்தர் எழுந்து நின்றார். அவர் சொன்னது பொய் என்று பிறகு தெரிந்தது. தெரிந்து என்ன? மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். அந்தப் பெண் அதற்கப்புறம் கோயில் பக்கமே தலைகாட்டவில்லை. நாளை அந்த இடத்தில் நான்.

அப்பா மத்தியானம் படுத்ததும், காகிதம் பென்சில் எடுத்துக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்து நானே வகுத்தேன். நூற்றெண்பது வந்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. எனக்கு வேண்டிய விடை வந்திருக்கிறது. வேண்டும் வேண்டும் என்று போட்டால் வராமல் என்ன செய்யும்? நான் லியோனார்ட் மாஸ்டரின் பெண் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து வகுத்தேன். நூற்றெண்பது. பிறகு தலைகீழாகப் பெருக்கிப் பார்த்தேன். ஈவு 1684267. அதை 733ஆல் பெருக்கினால் அப்பாவின் எண் வர வேண்டும். 1234567711 வந்தது. நூற்றெண்பது குறைகிறது.

அப்பாவின் தாளை மெல்ல எடுத்து வந்து என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கினேன். எல்லாப் படியும் ஒத்துப்போயிற்று. கடைசிப் படியில் 5311 என்று இருக்க வேண்டும். அப்பா 5131 என்று எழுதியிருந்தார். ஏழு எழுநூற்று முப்பத்து மூன்று ஐயாயிரத்து நூற்று முப்பத்தொன்று. நேராகக் கழித்து, அடியில் அழகாக ஒரு பூஜ்யம் போட்டு, அதைச் சுற்றி வட்டமும் போட்டிருந்தார்.

அவர் எழுந்ததும் இரண்டு தாளையும் அவர் முன்னால் விரித்தேன். அவர் முதலில் பார்த்தது தாளை அல்ல, என்னை.

“அவன் சொல்லிக் கொடுத்தானா?”

எனக்கு உச்சந்தலை பற்றிக்கொண்டது. “ஏழால பெருக்க எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம் அப்பா! ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்படறீங்களே, உங்க கண்ணை ஒருநாளாவது சந்தேகப்பட்டிருக்கீங்களா?”

“ஒன்பது தள்ளிப் பார்த்தேனே. சரியா வந்ததே.”

“வரும். மூணு இருக்கிற இடத்துல ஒண்ணும், ஒண்ணு இருக்கிற இடத்துல மூணும் மாறி உட்கார்ந்தா கூட்டுத்தொகை மாறுமா? பந்தியில எத்தனை பேர்னுதான் அது எண்ணும். யார் எந்த இலையில உட்கார்ந்திருக்காங்கன்னு அதுக்குத் தெரியாது. பதினொண்ணு தள்ளிப் பார்த்திருந்தா அப்பவே பிடிபட்டிருக்கும், அது இடத்தையும் சேர்த்துப் பார்க்கும்.”

அவர் கடைசிப் படியில் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவே இல்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். சாயங்காலம் காபி வேண்டாம் என்றார். ராத்திரி சாப்பாடும் வேண்டாம் என்றார். நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது. அவர் சந்தேகத்தை விட்டு நான் பார்த்ததே இல்லை. ஒன்று போனால் இன்னொன்று தயாராக இருக்கும்.

ஞாயிறு காலை வேலம்மா வழக்கம்போலச் செம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். அப்பா பார்க்கவே இல்லை. “மாஸ்டருக்கு ஒடம்பு சரியில்லியா?” என்று அவள் என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

கோயிலில் நான் பெண்கள் பக்கம், அப்பா அந்தப் பக்கம். விக்டர் பாட்டுக் குழுவோடு நின்றான். பாடும்போது என் பக்கம் அவன் திரும்பவே இல்லை. பிரசங்கம் முடிந்து சாமியார் ஓலையை எடுத்தார். என் பெயரும் விக்டர் பெயரும் வாசித்தார். மூன்றாம் முறையும் கடைசி முறையும் என்றார். இவர்களுக்குள் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கக் கடவார்கள் என்றார்.

அப்பா எழுந்து நின்றார்.

கோயில் மொத்தமும் திரும்பியது. என் பக்கத்திலிருந்த அம்மாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

“சாமி” என்றார் அப்பா. “தடை எதுவும் இல்லை.”

சாமியார் விழித்தார். “மாஸ்டர், தடை இருந்தாத்தான் எழுந்து சொல்லணும். இல்லைன்னா உட்கார்ந்திருக்கலாம்.”

“தெரியும் சாமி. ஆனா இந்தப் பையன் மேல நான் நேத்து ஒரு பழி போட்டேன். தப்பு என் கண்ணுல. அவன் போட்டது சரி. அதைச் சபையில சொல்லணும்னு வந்தேன்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சாமியாருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், பீடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் முக்காட்டுக்குள் அழுதேன். என் அப்பாவை இத்தனை பேர் முன்னால் இத்தனை சின்னவராக நான் பார்த்ததில்லை, அவரை அவ்வளவு பிடித்ததும் இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்தோம். கடல்காற்று வீசிக்கொண்டிருந்தது. விக்டர் தயங்கித் தயங்கி வந்தான். அப்பா அவனிடம் கையை நீட்டினார். அவன் கையைப் பிடித்துக்கொண்டான், ஆனால் நெற்றி சுருங்கியே இருந்தது.

“மாமா, ஒண்ணு கேட்டாத் தப்பா நினைக்க மாட்டீங்களே?”

“கேளு.”

“எழுநூத்தி முப்பத்து மூணுல என்ன ஆச்சு?”

“இலக்கம் ரெண்டு இடம் மாறிப் போச்சு. ஒன்பது தள்ளினதுல பிடிபடலை.”

விக்டர் அவர் கையை விடவில்லை. “உங்க பாதியையும் ஒன்பது தள்ளித்தானே சரி பார்த்தீங்க?”

அப்பாவின் கை அப்படியே நின்றது. “ஆமா.”

“அப்போ அந்தப் பாதியை நம்ப முடியாது, மாமா. பூஜ்யம் வர வேண்டிய இடத்துல இதே மாதிரி இடம் மாறி, மீதின்னு எழுதியிருந்தா? மொத்தத்தையும் திரும்பப் போடணும்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தால், அப்பாவின் முகத்தில் அம்மா இருந்த காலத்துச் சிரிப்பு.

“மர்சலின், பாத்தியா?” என்றார் என்னிடம். “என்னை நம்ப மாட்டேங்கறான்! மூஞ்சிக்கு நேரா சொல்றான்!” அவனைத் தோளோடு அணைத்துக்கொண்டார். அப்படியே சாமியாரிடம் ஓடினார், செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்குப் பூசை என்று கேட்க.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். விக்டர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“நேத்து என்னை நம்பினியா,” என்றான், “இல்லை, போட்டுப் பார்த்தியா?”

பொய் சொல்லலாம்தான். செவ்வாய்க்கிழமை கல்யாணத்தை வைத்துக்கொண்டு யார்தான் சொல்ல மாட்டார்கள்? ஆனால் எனக்கு வாய் வரவில்லை.

“போட்டுப் பார்த்தேன். ரெண்டு தடவை.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு கேட்டான், “எவ்வளவு வந்தது?”

“நூத்தி எண்பது.”

“எனக்கும் அதுதான் வந்தது” என்றான் விக்டர், என் கையைப் பிடித்துக்கொண்டான்.